தடித்த எண்ணெயா, தகுந்த எண்ணெயா?

வீட்டிலே பசுவொன்று நின்றால் அதற்கு எதைத் தின்னக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கலாகாது என்பதை அவ்வீட்டுச் சிறு பிள்ளையும் அறிந்திருக்கும். அதே முற்றத்திலே பல இலட்சம் ரூபா பெறுமதியுள்ள டீசல் பிக்கப் வண்டியொன்று நிற்குமாயின், அதன் எஞ்சினுக்கு எந்த எண்ணெயை வார்ப்பது என்ற கேள்விக்கு, “கடைக்காரத் தம்பி தருகிறதுதான்” என்று வீட்டுத் தலைவரே விடை கூறிவிடுவார். பசு தன் நோயைக் கண்ணாலும் குரலாலும் உணர்த்தும். எஞ்சினோ, பிழையான எண்ணெயை ஊற்றிய அன்றைக்கும் மறுப்புச் சொல்லாது ஓடும்; மறுநாளும் ஓடும்; மாதங்கள் பல கழிந்த பின்னர் ஏதோவோர் இரவில், நடுவழியிலே, தன் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும்.

அவ்வாறு கணக்குத் தீர்க்கப்பட்ட ஒரு குடும்பத்தின் அனுபவத்தையே இங்கு முதலிற் கூற விரும்புகிறோம்.

மாங்குளத்துக்கு அப்பால்

எமது அயலிலே, வலிகாமத்துச் செம்மண் தோட்டத்திற் சின்ன வெங்காயம் செய்யும் கமக்காரர் ஒருவர் இருக்கிறார். வயதில் மூத்தவராதலால் அண்ணர் என்றே அவரை அழைப்பது எமது வழக்கம். தாம் வியர்வை சிந்தி விளைவித்த வெங்காயத்தைத் தரகர் கேட்ட விலைக்குக் கொடுத்துச் சலித்துப்போன அவர், மனைவியின் காப்புக்களையும் சங்கிலியையும் அடைவு வைத்து, பழைய டீசல் பிக்கப் ஒன்றை வாங்கினார். தம்முடைய வெங்காயத்தோடு அயலாரின் வெங்காயத்தையும் ஏற்றிக்கொண்டு வாரம் இருமுறை தம்புள்ளைச் சந்தைக்குச் சென்றுவந்தார். கையிலே நாலு காசு சேரத் தொடங்கியது. காப்புக்களும் மீண்டு வந்தன.

வண்டி வாங்கிய கிழமையே அண்ணர் கடைக்குச் சென்று, “தம்பி, பாரம் இழுக்கிற வண்டி. நல்ல தடிப்பான ஒயிலாகப் பார்த்துத் தாரும்” என்று கேட்டார். கடைக்காரரும் கையில் எடுத்தால் குழம்புபோல் நின்ற எண்ணெயொன்றை, விலையும் மலிவாகவே, கொடுத்தனுப்பினார். அதன் பின்னர் அண்ணருக்கு அந்த விடயத்திலே கவலை இருக்கவில்லை.

ஏறத்தாழ ஓராண்டு சென்றது. ஓரிரவு, முழுப் பாரத்தோடு மாங்குளத்தைத் தாண்டிச் சென்றுகொண்டிருக்கையில், எஞ்சினிலிருந்து ஊளையிடுவது போன்ற ஓசை எழுந்தது. வண்டியின் வேகம் தளர்ந்தது. பின்னாலே நீல நிறப் புகை வீதியை மூடியது. அண்ணர் வண்டியை ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டார். அவர் அன்று செய்த நல்ல காரியம் அதுவொன்றே. விடியும்வரை காத்திருந்து, தெரிந்தவர் ஒருவரின் லொறியிற் சுமையை மாற்றித் தம்புள்ளையை அடைந்தபோது சந்தை கலைந்துகொண்டிருந்தது. வெங்காயம் போன விலை கூலிக்கும் போதவில்லை.

வண்டியைக் கட்டியிழுத்து வந்து கராஜில் விட்டபோது நாமும் உடனிருந்தோம். மெக்கானிக் ஒரு சிறிய உலோகக் குழாயைக் கழற்றி எமக்குக் காட்டினார். எஞ்சினிலிருந்து ரேர்போ என்னும் காற்றழுத்திக்கு எண்ணெய் கொண்டுசெல்லும் குழாய் அது. அதன் துளையிலே கறுத்த கரி இறுகிப்போய், ஈர்க்கு நுழையவும் இடமில்லாதிருந்தது. “அண்ணை, ரேர்போ தானாகப் பழுதாகவில்லை, எண்ணெய் கிடையாமற் பட்டினியால் மாண்டது” என்றார் அவர். எஞ்சின் தப்பிவிட்டது, ரேர்போவை மாற்றவேண்டியதாயிற்று. காப்புக்கள் மறுபடியும் அடைவுக்குப் போயின.

உயர்தர வகுப்பிலே தொழினுட்பப் பிரிவிற் படிக்கும் அண்ணரின் மகன் அப்போதுதான் வாய் திறந்தான்.

“அப்பா, ஒயிலை எத்தனை நாளைக்கொருமுறை மாற்றினீர்கள்?”

“ஏன், மாரிக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று. லான்ட்மாஸ்ரருக்கு இருபது வருடமாக அப்படித்தானே செய்து வருகிறேன்!”

மகன் கணக்குப் பார்த்தான். தம்புள்ளைக்குப் போய்வர ஏறக்குறைய 500 கிலோமீற்றர். வாரம் இரு பயணமெனில் 1,000 கிலோமீற்றர். ஆறு மாதத்துக்கு ஏறக்குறைய 25,000 கிலோமீற்றர். வண்டியின் முன் பெட்டிக்குள், பிளாஸ்ரிக் உறை கூடப் பிரிக்கப்படாமற் கிடந்த கைந்நூலை எடுத்து விரித்தான். பாரம் ஏற்றும் வண்டிக்கு 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றுமாறு அதில் எழுதியிருந்தது. ஐந்து முறை மாற்றவேண்டிய இடத்தில் ஒருமுறையே மாற்றப்பட்டிருக்கிறது! அந்தக் கைந்நூலின் அடுத்த பக்கத்திலே எந்த எண்ணெய் என்பதும் குறிக்கப்பட்டிருந்தது. அண்ணர் ஊற்றிய எண்ணெய் அந்த அட்டவணையிலே இல்லை.

தோட்டத்து யந்திரத்தின் பழக்கத்தை நெடுஞ்சாலை வண்டிக்கும் கொண்டு வந்ததே அண்ணர் செய்த பிழை. அவர் சோம்பேறியுமல்லர், அறிவிலியுமல்லர். நம்மிற் பலர் அவ்வாறே செய்கிறோம். ஆதலால் இந்த விடயத்தைச் சற்று ஆழமாக ஆராய்வது பயனுடையதாகும்.

எண்ணெய் செய்யும் வேலை

எஞ்சினுக்குள் எண்ணெய் வழுக்குவதற்காக மட்டும் இருப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அதற்கு ஐந்து கடமைகள் உண்டு. உலோகமும் உலோகமும் உராயாமல் இடையிலே மென்படலமாக நிற்பது முதலாவது. அந்தப் படலத்தின் தடிப்பு ஒரு தலைமயிரின் தடிப்பிற் சிறு பங்கேயாகும். நீர் செல்லாத இடங்களிலிருந்து வெப்பத்தை அள்ளி வருவது இரண்டாவது. பிஸ்டன் எனப்படும் முசலத்துக்கும் உருளைச் சுவருக்குமிடையே வாயு கசியாது அடைப்பது மூன்றாவது. கரியையும் அழுக்கையும் கழுவிச் சுமப்பது நான்காவது. எரிதலின்போது பிறக்கும் அமிலங்களை முறித்து, உலோகம் அரிக்கப்படாமற் காப்பது ஐந்தாவது.

இவற்றுள் இறுதி இரண்டுமே டீசல் எஞ்சினிற் பெருஞ் சுமையாகின்றன. பெற்றோல் எஞ்சினிலே தீப்பொறியால் எரிபொருள் மூட்டப்படுகிறது. ருடோல்வ் டீசல் என்னும் ஜெர்மானியப் பொறியியலாளர் 1897 இல் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய எஞ்சினிலோ பொறி கிடையாது. காற்று மிக வன்மையாக நெருக்கப்படுவதால் 500 பாகை செல்சியசுக்கும் மேலாகச் சூடேறுகிறது. அதனுள் விசிறப்படும் டீசல் தானே தீப்பற்றுகிறது. நெருக்கம் அதிகமாதலால் போதிகைகள் தாங்கும் பாரமும் அதிகம். விசிறப்பட்ட துளிகள் யாவும் முற்றாக எரிவதில்லையாதலால் நுண்ணிய கரி உண்டாகிறது. டீசலிலுள்ள கந்தகம் எரிந்து, நீராவியோடு சேர்ந்து அமிலமாகிறது. இக்கரியிலும் அமிலத்திலும் ஒரு பகுதி பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழிறங்கி எண்ணெயிற் கலக்கிறது.

இனி ரேர்போவை நோக்குவோம். வெளியேறும் புகையின் விசையாற் சுழன்று, எஞ்சினுக்குள் மேலதிகக் காற்றைத் தள்ளும் கருவி அது. அதன் மெல்லிய தண்டு நிமிடத்துக்கு ஓரிலட்சம் முறைக்கும் மேலாகச் சுழலவல்லது. அத்தண்டைத் தாங்கி நிற்பது அதனைச் சூழ்ந்தோடும் எண்ணெய்ப் படலமேயாகும். அங்கே எண்ணெய் சில விநாடிகள் வராது போனாலும் கேடு விளையும். தரங்குறைந்த எண்ணெயும், காலங்கடந்த எண்ணெயும் அந்த வெப்பத்திலே கருகிக் கரியாய் இறுகுகின்றன. அண்ணரின் குழாயிற் கண்டது அதைத்தான்.

கலனில் எழுதிய இரு குறிகள்

கடையிலே வரிசையாக நிற்கும் எண்ணெய்க் கலன்களிலே சிங்கமும் புலியும் தீப்பிழம்பும் வரையப்பட்டிருக்கலாம். அவையொன்றும் நமக்கு வேண்டா. நாம் தேடவேண்டியவை இரண்டு குறிகளே. ஒன்று எண்ணெயின் பிசுக்குமையைக் கூறுவது. மற்றையது அதன் தரத்தைக் கூறுவது.

முதலாவது குறி எஸ். ஏ. ஈ. என்பதாகும். அமெரிக்காவிலே 1905 இல் தோன்றிய மோட்டார்ப் பொறியியலாளர் சங்கத்தின் பெயர்ச் சுருக்கம் இது. எண்ணெய்களை வகுக்கும் இச்சங்கத்தின் முறை 1911 இல் முதன்முதலாக வெளிவந்தது. 15 டபிள்யூ 40, 5 டபிள்யூ 30 என்றெல்லாம் எழுதியிருப்பது அம்முறைப்படியே. சட்டியில் வார்த்த நல்லெண்ணெய் சூடேறியதும் நீர்போல் ஓடுவதை நம் வீட்டுப் பெண்கள் நாள்தோறும் காண்கின்றனர். எஞ்சின் எண்ணெயும் அவ்வாறே சூட்டில் இளகும், குளிரில் இறுகும். டபிள்யூ என்னும் எழுத்து பனிக்காலத்துக்குரிய ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. அதற்கு முன்னுள்ள எண், குளிரிலே எண்ணெய் எவ்வளவு இலகுவாக அசையும் என்பதைக் குறிக்கும். எண் சிறிதாகச் சிறிதாக எண்ணெய் விரைந்து ஓடும். பின்னுள்ள எண், 100 பாகைச் சூட்டிலே எண்ணெய் எவ்வளவு தடிப்பைப் பேணும் என்பதைக் குறிக்கும். 40 என்றால் அந்தச் சூட்டில் அதன் பிசுக்குமை 12.5 முதல் 16.3 சென்ரிஸ்ரோக்ஸ் வரையிலான எல்லைக்குள் இருக்கவேண்டும். 30 என்றால் 9.3 முதல் 12.5 வரை, 50 என்றால் 16.3 முதல் 21.9 வரை. பௌதிகம் படிக்கும் மாணவர் இந்த எண்களை மனத்திற் கொள்ளலாம்.

இரண்டாவது குறி ஏ. பி. ஐ. என்பதாகும். 1919 இல் நிறுவப்பட்ட அமெரிக்கப் பெற்றோலிய நிறுவகத்தின் பெயர்ச் சுருக்கம் இது. இதன்கீழ் எஸ் என்னும் எழுத்தில் தொடங்கும் தரங்கள் பெற்றோல் எஞ்சினுக்கும், சி என்னும் எழுத்தில் தொடங்கும் தரங்கள் டீசல் எஞ்சினுக்கும் உரியவை. சி யை அடுத்து வரும் எழுத்து அகரவரிசையில் முன்னேற முன்னேற, எண்ணெயின் தரம் புதியதாகும். சி. எவ். 4 என்பது 1990 இலும், சி. எச். 4 என்பது 1998 இலும், சி. ஐ. 4 என்பது 2002 இலும், சி. ஜே. 4 என்பது 2006 இலும், சி. கே. 4 என்பது 2016 இலும் வந்தவை. நான்கு என்னும் இலக்கம் நாலடிப்பு எஞ்சினைக் குறிக்கிறது. பொதுவாக, பிந்திய தரம் முந்திய தரத்துக்குப் பதிலாக நிற்கவல்லது. முந்தியது பிந்தியதற்குப் பதிலாகாது. கைந்நூல் சி. எவ். 4 கேட்டால் சி. ஐ. 4 ஊற்றலாம். கைந்நூல் சி. ஐ. 4 கேட்க, சி. எவ். 4 ஊற்றுவது தவறாகும்.

ஐரோப்பிய மோட்டார் உற்பத்தியாளர் சங்கம் வகுத்த ஏ. சீ. ஈ. ஏ. என்னும் குறியும் சில கலன்களிற் காணப்படும். அண்மைக்கால பிக்கப்புகளின் கைந்நூல்கள் பல அதனையே கேட்கின்றன. அதன் தேவையைப் பின்னர் கூறுவோம்.

தடித்தது வலியது என்னும் மயக்கம்

“எங்கள் நாடு வெப்ப நாடு; ஆகவே தடித்த எண்ணெயே வேண்டும்” என்பது நம்மவரிடையே வேரூன்றிய கொள்கை. இதற்குக் காரணம் இல்லாமலில்லை. பழைய காலத்து எஞ்சின்களிலே பாகங்களுக்கிடையிலான இடைவெளி பெரிது. தேய்ந்த பின் இன்னும் பெரிது. தடித்த எண்ணெய் அவற்றின் சத்தத்தைத் தணித்தது. புகையையும் சற்றுக் குறைத்தது. 1990 களில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராதிருந்த காலத்திலே, பழைய ஒஸ்ரின் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியதைப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி எஞ்சின் எண்ணெயை இளக்கிவிடும். அத்தகைய நாளிலே தடித்த எண்ணெயை நாடியதிற் பொருளிருந்தது.

ஆனால் இக்காலத்து டீசல் எஞ்சின் அதுவன்று. அதன் இடைவெளிகள் நுண்ணியவை. எண்ணெய் ஓடும் வழிகள் ஒடுங்கியவை. மிகத் தடித்த எண்ணெய் அதிகாலையில் எஞ்சினைத் தொடக்கியவுடன் ரேர்போவையும் மேற்பாகங்களையும் சென்றடையத் தாமதிக்கும். அந்தச் சில விநாடிகளிலே நிகழும் தேய்வு பெரிது. அன்றியும், தடித்த எண்ணெயைக் கலக்கி இழுப்பதற்கே எஞ்சினின் வலுவிலே ஒரு பகுதி செலவாகிறது. டீசற் செலவும் கூடுகிறது. எஞ்சின் உள்ளே கொள்ளும் சூட்டை வெளிக் காற்றின் சூடு அவ்வளவாகத் தீர்மானிப்பதில்லை. குளிர்ச்சி முறை செவ்வையாக இயங்கும் எஞ்சின் யாழ்ப்பாணத்திலும் நுவரெலியாவிலும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலையிலேயே ஓடும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 15 டபிள்யூ என்னும் எண்ணெய், பூச்சியத்துக்குக் கீழே 20 பாகைக் குளிரிலும் எஞ்சினைச் சுழலவிடுமோ என்று சோதித்த பின்னரே அப்பெயரைப் பெறுகிறது. நுவரெலியாவின் தைமாதக் குளிரும் அந்த அளவுக்கு அருகில் வராது. ஆகையால், கைந்நூல் 15 டபிள்யூ 40 ஐ அனுமதித்திருக்கும்போது, “பூச்சியம் டபிள்யூ” என்பதற்காகவே இருமடங்கு விலை கொடுப்பதில் நமக்கு இலாபம் குறைவு. அதேவேளை கைந்நூல் 5 டபிள்யூ 30 ஐ மட்டுமே குறித்திருக்குமாயின், அதனை நாம் நம் விருப்பம்போல் மாற்றலாகாது. தடித்ததும் வேண்டா, மெல்லியதும் வேண்டா, தகுந்தது வேண்டும்.

கனிய எண்ணெயா, செயற்கை எண்ணெயா என்ற வினாவும் இவ்வாறானதே. செயற்கை எண்ணெய் சூட்டை அதிகம் தாங்கும்; விரைவிற் கருகாது; இவை மெய்யான நன்மைகள். எனினும் தரக்குறி பொருந்தாத செயற்கை எண்ணெயைக் காட்டிலும், தரக்குறி பொருந்திய கனிய எண்ணெயே மேலானது.

சாம்பலும் கந்தகமும்

விலை உயர்ந்த எண்ணெயும் பிழையான எண்ணெயாகலாம் என்பதை விளக்குவதற்கு ஒரு விடயத்தைச் சற்று விரிவாகக் கூறவேண்டும்.

எண்ணெயிலே அமிலத்தை முறிப்பதற்காகக் கல்சியம், மகனீசியம் போன்ற உலோகங்களின் காரச் சேர்வைகள் சேர்க்கப்படுகின்றன. எரிபொருளிற் கந்தகம் அதிகமாயின் அமிலமும் அதிகம். ஆகவே காரமும் அதிகமாகத் தேவை. இனி, புதிய பிக்கப்புகள் சிலவற்றிலே புகைக்குழாயின் நடுவில் கரி வடிகட்டி ஒன்று பொருத்தப்பட்டிருக்கிறது. அது புகையிலுள்ள கரியைப் பிடித்து வைத்து, சூடேற்றி எரித்துவிடும். ஆனால் எண்ணெயிலுள்ள அந்த உலோகச் சேர்வைகள் எரிந்தால் சாம்பல் மிஞ்சும். சாம்பலை மீண்டும் எரிக்க இயலாது. அது வடிகட்டியின் துளைகளிற் படிந்து, நாளடைவில் அதனை அடைத்துவிடும். வடிகட்டியின் விலையோ சிறு தொகையன்று.

ஆகவே கந்தகம் மிக்க டீசலை எரிக்கும் பழைய எஞ்சின் காரம் மிக்க எண்ணெயை வேண்டுகிறது; கரி வடிகட்டி பூண்ட புதிய எஞ்சின் சாம்பல் குறைந்த எண்ணெயை வேண்டுகிறது. ஒன்றுக்கு மருந்தாவது மற்றொன்றுக்கு நஞ்சாகிறது! ஏ. சீ. ஈ. ஏ. முறையில் சி 2, சி 3 என்பனவும், ஏ. பி. ஐ. முறையில் சி. ஜே. 4, சி. கே. 4 என்பனவும் சாம்பல் மட்டுப்படுத்தப்பட்ட எண்ணெய்கள். சி. ஐ. 4 என்பது கந்தகம் கூடிய டீசலையும் சமாளிக்குமாறு வகுக்கப்பட்டது.

நமது நாட்டிலே எரிபொருள் நிலையங்களிற் சாதாரண டீசலும் சுப்பர் டீசலும் விற்கப்படுகின்றன. யூரோ 4 நியமத்துக்கு அமைந்த சுப்பர் டீசலிலே பத்து இலட்சம் பங்கில் 50 பங்குக்கு மேல் கந்தகம் இருக்கலாகாது. சாதாரண டீசலிற் கந்தகம் அதனிலும் அதிகம். கரி வடிகட்டி உள்ள வண்டிக்குச் சுப்பர் டீசலும் சாம்பல் குறைந்த எண்ணெயும் வேண்டும். வடிகட்டி இல்லாத பழைய வண்டியிற் சாதாரண டீசலை அடிப்பவர், கைந்நூல் அனுமதித்தால், சி. ஐ. 4 எண்ணெயைத் தெரிவது அறிவுடைமை. அவர் சி. கே. 4 எண்ணெயை ஊற்றினாற் கெடுதியில்லை. ஆயினும் மாற்றும் காலத்தை நீட்டுதல் ஆகாது. தமது வண்டியில் வடிகட்டி உண்டா இல்லையா என்பதை ஒவ்வொருவரும் முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

எப்போது மாற்றுவது?

டீசல் எஞ்சினில் ஊற்றிய புது எண்ணெய் சில நூறு கிலோமீற்றருக்குள்ளேயே கறுத்துவிடும். இதைக் கண்டு, “எண்ணெய் போலி” என்று கலங்குவோர் உண்டு. கறுப்பது எண்ணெய் கரியைச் சுமந்து தன் கடமையைச் செய்கிறது என்பதற்கு அடையாளம். மறுபுறம், விரலிடையே தேய்த்துப் பார்த்து, “இன்னும் வழுவழுப்பு இருக்கிறது” என்று மேலும் ஓட்டுவோரும் உண்டு. எண்ணெயின் காரம் தீர்ந்துவிட்டதா, அது இனியும் கரியைத் தாங்குமா என்பவற்றை விரல் அறியாது. கிலோமீற்றர்க் கணக்கே அறியும்.

பாரம் ஏற்றுதல், புழுதி வீதியில் ஓடுதல், குறுந்தூரம் அடிக்கடி ஓடி நிறுத்துதல், நின்ற நிலையிலே நெடுநேரம் எஞ்சினை இயக்குதல் ஆகிய யாவும் கடும் பாவனையெனக் கைந்நூல்களிற் கூறப்படும். அத்தகைய வண்டிக்குச் சாதாரண எல்லையிற் பாதியே எல்லை. ஓடாது நிற்கும் வண்டிக்கும் காலவெல்லை உண்டு. 2022 ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியிலே மாதக்கணக்காக நின்ற வண்டிகள் பல. நிற்கும் எஞ்சினிலும் ஈரம் சேரும், அமிலம் தன் வேலையைச் செய்யும். கிலோமீற்றர் நிறையாவிடினும் கைந்நூல் சொல்லும் மாதக் கணக்கிலே எண்ணெயை மாற்றவேண்டும். மாற்றும்போதெல்லாம் எண்ணெய் வடிகட்டியையும் மாற்றவேண்டும். அழுக்கு வடிகட்டியினூடாகப் புது எண்ணெயைச் செலுத்துவது, கழுவாத பானையிற் பால் காய்ச்சுவதற்கு ஒப்பாகும்.

வாரம் ஒருமுறையேனும் சமதரையில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் பொறுத்து, அளவுக்கம்பியை எடுத்துப் பாருங்கள். எண்ணெய் இரு கோடுகளுக்கிடையில் நிற்கவேண்டும். குறைந்தாலும் கேடு, மேற்கோட்டைத் தாண்டினாலும் நுரைத்துக் கேடு விளைவிக்கும். நாம் ஊற்றாமலே மட்டம் உயர்ந்திருந்தால் டீசலோ நீரோ உள்ளே கலக்கிறது என்று அறிக. எண்ணெய் பாற்கோப்பி நிறமாயின் கலந்தது நீர். எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் சிவப்பு விளக்கு ஓடும்போது எரிந்தால், அடுத்த கராஜ் வரையும் ஓட்டுவோம் என்று எண்ணாதீர்கள். அந்த இடத்திலேயே எஞ்சினை அணைத்துவிடுங்கள். நெடும் பயணம் முடிந்ததும், அணைப்பதற்கு முன் ஓரிரு நிமிடம் எஞ்சினை மெல்ல ஓடவிட்டால், ரேர்போவின் சூடு தணியும். அங்குள்ள எண்ணெய் கருகாது.

போலியும் கழிவும்

நம் நாட்டில் இத்தகைய எண்ணெய்களை இறக்குமதி செய்வதற்கும் கலந்து விற்பதற்கும் அரசின் அனுமதி வேண்டும். இருந்தும், பெயர்பெற்ற கலன்களிலே பழைய எண்ணெயை வடித்து நிரப்பி விற்கும் வஞ்சகர் இல்லாமலில்லை. முகவரிடமே வாங்குங்கள், மூடியின் முத்திரையைப் பாருங்கள், பற்றுச்சீட்டைப் பெறுங்கள். வெறுங் கலனை அப்படியே எறியாது துளையிட்டு விடுங்கள். உங்கள் கலனே நாளை வேறொருவரை ஏமாற்றும் கருவியாகாதிருக்கும்.

கழிவெண்ணெயைப் பற்றியும் ஒரு சொல். வேலிக் கட்டைக்குக் கறையான் வராதிருக்கப் பூசுவதும், மிஞ்சியதை வளவின் மூலையில் ஊற்றுவதும் நம்மூர் வழக்கம். ஒரு பங்கு கழிவெண்ணெய் பத்து இலட்சம் பங்கு நன்னீரைக் கெடுக்கவல்லது என்பது அமெரிக்கச் சூழல் பாதுகாப்பு முகவரகத்தின் கணிப்பு. குடாநாட்டில் நாம் குடிப்பது சுண்ணக்கற் பாறையில் ஊறும் நீர். மேலே சிந்தியது வெடிப்புக்களினூடே கிணற்றை அடையும். 2014, 2015 ஆம் ஆண்டுகளிலே சுன்னாகத்துச் சுற்றுப்புறக் கிணறுகளில் எண்ணெய் கலந்திருந்ததும், மக்கள் பவுசர் நீருக்குக் காத்துநின்றதும் நினைவிருக்கும். கழிவெண்ணெயை மூடிய கலனில் எடுத்துச் சென்று, அதனைச் சேகரிக்கும் கராஜிலே கொடுத்துவிடுங்கள். அதிலே புற்றுநோய்க்குக் காரணமாகும் பொருள்கள் உள்ளனவாதலால், கையிற் பட்டதைச் சவர்க்காரமிட்டுக் கழுவுதலும் வேண்டும்.

சுவரில் மாட்டிய நாட்காட்டி

அண்ணர் வீட்டுக்கு மீண்டும் வருவோம். கைந்நூலின் அட்டவணையைத் தந்தையும் மகனும் கூடியிருந்து வாசித்தனர். வண்டியில் கரி வடிகட்டி இல்லை. 5 டபிள்யூ 30, 10 டபிள்யூ 30, 15 டபிள்யூ 40 ஆகிய மூன்றையும் கைந்நூல் அனுமதித்திருந்தது, தரம் சி. எவ். 4 அல்லது அதற்கு மேல் என்றிருந்தது. அவர்கள் சி. ஐ. 4 தரமுள்ள 15 டபிள்யூ 40 எண்ணெயைத் தெரிந்தெடுத்தனர். கடையிலிருந்த எண்ணெய்களில் அது அதியுயர்ந்த விலையுடையதுமன்று, அடிவிலையானதுமன்று.

இப்போது அவர்கள் வீட்டுச் சுவரிலே தொங்கும் நாட்காட்டியில், அடுத்த எண்ணெய் மாற்றத்துக்குரிய கிலோமீற்றர் எண் சிவப்பு மையில் எழுதப்பட்டிருக்கிறது. அதனை எழுதுபவர் வீட்டம்மாவே. வண்டி தம்புள்ளையிலிருந்து திரும்பியதும், தேநீர் கொடுப்பதற்கு முன் அவர் கேட்கும் கேள்வி, “எத்தனை கிலோமீற்றர் ஆகிவிட்டது?” என்பதுதான். ஐந்து வாரத்துக்கு ஒருமுறை எண்ணெய்க்குச் செலவாகும் பணம் கண்ணுக்குத் தெரிகிறது. அதனால் தப்பும் எஞ்சின் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆயினும் அந்த அம்மா அதனை அறிவார். அடைவிலிருந்து அவருடைய காப்புக்கள் சென்ற மாதந்தான் திரும்பி வந்தன.

நேயர்களே, உங்கள் வீட்டு வண்டியின் கைந்நூல் எங்கே இருக்கிறதென்று இன்றைக்கே தேடிப் பாருங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை அருகிலிருத்தி, எண்ணெய்க்குரிய அந்த ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லுங்கள். இரு குறிகளையும் ஒரு துண்டிலே எழுதி வண்டிக்குள் ஒட்டிவையுங்கள். அடுத்த முறை கடைக்குச் செல்லும்போது, “நல்ல ஒயிலாகத் தாரும்” என்று கேட்கவேண்டியிராது. எது நல்லது என்பதை நீங்களே அவருக்குச் சொல்வீர்கள்.